‘ஸக்கர் பஞ்ச்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இணைச்சொற்களும் புழக்கமும்

#1 | வசனவரி
வணக்கம் நண்பர்களே. உபதலைப்பு மொழிபெயர்ப்பில் ‘ஸக்கர் பஞ்ச்’ மூன்று இடங்களில் மூன்று விதமாக வருகிறது.

அ) மதுக்கூட வாசலில் ஒருவன் கைகுலுக்குவதுபோல் வந்து தாடையில் குத்திவிடுகிறான்.
ஆ) ஆட்குறைப்பு மின்னஞ்சலைப் படித்த ஒரு பெண், அது ஸக்கர் பஞ்ச் போல இருந்தது என்கிறாள்.
இ) கால்பந்து வர்ணனை. ஆட்டம் முழுக்க ஆதிக்கம் செலுத்திய அணி 89-ஆவது நிமிடத்தில் கோல் வாங்குகிறது. வர்ணனையாளர் அதை ஸக்கர் பஞ்ச் என்கிறார்.

அகராதியில் ‘எதிர்பாராத தாக்குதல்’ என்று இருக்கிறது. மூன்றுக்கும் அதையே போட்டால் உப்புச்சப்பில்லாமல் போகிறது. ‘முதுகில் குத்து’ என்று போடலாமா? இணைச்சொல் பட்டியல்களில் சீப் ஷாட், லோ ப்ளோ, ரேபிட் பஞ்ச், ஹேமேக்கர், ப்ளைண்ட்சைட் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. எல்லாம் ஒன்றுதானா? வரி இரண்டுக்குள் அடங்க வேண்டும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

#2 | வேர்ச்சொல்
ஒன்றில்லை. முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஸக்கர்’ என்றால் அமெரிக்கக் கொச்சையில் ஏமாளி. பால்குடி மறக்காத குழந்தை போல எதையும் நம்பிவிடுகிறவன் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பொருள் வந்துவிட்டது. ஏமாளிதான் வாங்குவான் என்ற பொருளில் குத்துச்சண்டைக்காரர்கள் வாயில் புழங்கிய ஸக்கர் பஞ்ச், பிறகு தெருச்சண்டைக்கும் செய்தித்தாளுக்கும் வந்தது.

ஆகவே இதன் உயிர் வேகத்திலோ பலத்திலோ இல்லை. அடி வாங்குகிறவன் தான் சண்டையில் இருப்பதாகவே நினைக்கவில்லை என்பதில்தான் இருக்கிறது. தமிழில் இதற்கு மிக அருகில் வருவது ‘அசருதல்’. “கொஞ்சம் அசந்தால் ஆளையே வித்துடுவான்” என்கிறோமே, அந்த அசந்த நேரம்தான் இங்கே இலக்கு. ‘அசந்த நேரத்தில் அடி’ என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘சக்கர்’ என்று எழுதினால், கிரிக்கெட் பார்க்கிறவர்கள் பந்தை எறிகிற பந்துவீச்சாளரை நினைப்பார்கள். ஸ போட்டு எழுதுவதே நல்லது.

#3 | நாலுகயிறு
குத்துச்சண்டைப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். இணைச்சொல் பட்டியல்கள் கலந்துகட்டி வைத்திருப்பவை உண்மையில் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

லோ ப்ளோ என்பது அடி எங்கே விழுந்தது என்பதைப் பற்றியது. இடுப்புவாருக்குக் கீழே விழுந்தால் லோ ப்ளோ. வாங்கியவர் தேறுவதற்கு 5 நிமிடம் வரை தருவார்கள். எதிராளி கண்ணுக்கு நேரே பார்த்துக்கொண்டிருக்கும்போதும் லோ ப்ளோ விழும். ஆண்ட்ரூ கொலோட்டா 1996-இல் ரிடிக் போவுடன் இரண்டு முறை மோதினார். ஜூலையில் 7-ஆம் சுற்றிலும் டிசம்பரில் 9-ஆம் சுற்றிலும், புள்ளிகளில் முன்னால் இருந்தபோதே, தொடர்ந்து இடுப்புக்குக் கீழே குத்தியதற்காகத் தகுதிநீக்கம் ஆனார். அவை எதுவும் ஸக்கர் பஞ்ச் இல்லை. விதிமீறல், அவ்வளவே. அன்றாடப் பேச்சில் லோ ப்ளோ என்றால் தொடக்கூடாத இடத்தைத் தொடுவது. வாக்குவாதத்தில் ஒருவருடைய இறந்துபோன அப்பாவை இழுப்பது போல.

ரேபிட் பஞ்ச்சும் இடத்தைப் பற்றியதுதான். பிடரியில், பின்மண்டையில் விழுகிற குத்து. முயலைப் பிடித்தவர்கள் கழுத்தின் பின்னால் ஒரே வெட்டாக அடித்துக் கொல்வதில் இருந்து வந்த பெயர். தண்டுவடமும் மூளையும் சேருமிடம் என்பதால் தடை. இதற்கு ‘பிடரியில் குத்து’ போதும்.

ஹேமேக்கரைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். வைக்கோல் அரிகிறவர் அரிவாளை அகல வீசுவது போல, தோளில் இருந்து சுழற்றி முழுப் பலத்தோடு விடுவது அது. கிளம்பும்போதே கண்ணுக்குத் தெரியும், தெரிந்தும் விலகாதவன்தான் வாங்குவான். மறைவு என்பதே அதில் இல்லை.

கோல்ட்-காக் என்பது விளைவைச் சொல்கிறது. ஒரே அடியில் நினைவிழக்கச் செய்வது. அது ஸக்கர் பஞ்ச்சாகவும் இருக்கலாம், நேருக்கு நேர் விட்டதாகவும் இருக்கலாம்.

சீப் ஷாட் என்பது தீர்ப்பு. ‘மட்டமான வேலை’ என்று அடித்தவன்மேல் வைக்கிற பழி. பந்து போன பிறகு காலை நீட்டுவது, பேட்டியில் சம்பந்தமில்லாமல் ஒருவர் தோற்றத்தைக் கிண்டலடிப்பது எல்லாம் இதில் அடங்கும்.

#4 | வசனவரி
நாலுகயிறு அண்ணா, அப்படியென்றால் 2011 மேவெதர் – ஓர்ட்டிஸ் குத்துச்சண்டை ஆட்டம்? ஆங்கில ரசிகர்கள் இன்றுவரை அதை ஸக்கர் பஞ்ச் என்கிறார்கள். ஆனால் அது சட்டப்படி செல்லும் என்றுதானே முடிவானது?

#5 | நாலுகயிறு
சொல்லைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2011 செப்டம்பர் 17, லாஸ் வேகஸ், 4-ஆம் சுற்று. பட்டம் வைத்திருந்தவர் விக்டர் ஓர்ட்டிஸ். மேவெதரைக் கயிற்றோரம் தள்ளிக்கொண்டுபோய்த் துள்ளி அவர் முகத்தில் தலையால் முட்டினார். நடுவர் ஜோ கோர்ட்டெஸ் ஆட்டத்தை நிறுத்தி ஒரு புள்ளியைப் பிடுங்கினார். ஓர்ட்டிஸ் மேவெதரைக் கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தம் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். நடுவர் மறுபடி ஆடச் சொல்லிக் கை காட்டிவிட்டார். ஓர்ட்டிஸ் அப்போதும் இன்னொரு முறை அணைக்கப் போய், விலகி, இரண்டு கையையும் தொங்கவிட்டு நடுவர் பக்கம் பார்த்தார். நடுவரோ நேரக் கணக்காளர் பக்கம் திரும்பியிருந்தார். மேவெதர் முதலில் இடது கையால் ஒரு ஹுக் (வளைத்து விடும் குத்து), அடுத்து வலது கையால் ஒரு நேர்க்குத்து விட்டார். ஓர்ட்டிஸ் விழுந்தார். சுற்று முடிய ஒரு விநாடி இருக்கும்போது, 2:59-இல், ஆட்டம் முடிந்தது.

ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, எனவே குத்து செல்லும். ‘எப்போதும் உன்னைக் காத்துக்கொள்’ என்பது ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் நடுவர் சொல்கிற பாடம். ஆனால் ஓர்ட்டிஸ் மனதில் இன்னும் சண்டை தொடங்கவில்லை. அதனால்தான் ஸக்கர் பஞ்ச் என்று சொன்னவர்களும் தவறு சொல்லவில்லை. இந்தச் சொல் விதிப்புத்தகத்தைக் கேட்பதில்லை, வாங்கியவன் மனநிலையைத்தான் கேட்கிறது. ‘சட்டவிரோதக் குத்து’ என்று மொழிபெயர்த்தால் இங்கே அப்பட்டமான தவறாகிவிடும்.

மறுகோடிக்கு ஐஸ் ஹாக்கி. 2004 மார்ச் 8, வான்கூவர். டாட் பெர்டூஸி, எதிரணியின் ஸ்டீவ் மூரின் பின்னால் சறுக்கிப் போய், சட்டையைப் பிடித்து இழுத்து, பக்கவாட்டில் தலையில் குத்தினார். மூர் முகம் குப்புற விழ, மேலே ஆட்கள் விழுந்தார்கள். கழுத்தெலும்பில் மூன்று முறிவு. மூர் அதன்பின் ஆடவே இல்லை. பெர்டூஸி நீதிமன்றத்தில் தாக்குதல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கனடாச் செய்திகளில் இதற்கும் அதே சொல்தான். ஒன்று செல்லுபடியான வெற்றி, இன்னொன்று குற்றம், சொல் மட்டும் ஒன்று.

#6 | ஏட்டுமரம்
நம் பக்கத்துக் கதைகளை வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளியும். வாலியை இராமன் மறைந்து நின்று எய்தது ஸக்கர் பஞ்ச் இல்லை. வாலி சண்டையில்தான் இருந்தான், ஆனால் அம்பு வந்த திசை அவன் கண்ணில் படவில்லை. அது ப்ளைண்ட்சைட். துரியோதனன் தொடையில் வீமன் கதையால் அடித்தது லோ ப்ளோ, கதைப்போரில் நாபிக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பதே விதி. போர் முடிந்தது என்று தூங்கிக்கொண்டிருந்த பாசறைக்குள் இரவில் அசுவத்தாமன் புகுந்ததுதான் ஸக்கர் பஞ்ச்சுக்கு மிக நெருங்கியது.

#7 | வேர்ச்சொல்
அருமை ஏட்டுமரம் ஐயா. ப்ளைண்ட்சைட் பற்றிக் கூடுதலாக ஒன்று: பார்வைபடாத பக்கம் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அமெரிக்கக் கால்பந்தில் ஓடுகிறவன் பார்க்காத பக்கத்தில் இருந்து மோதித் தடுப்பதை 2019-இல் தடைசெய்து, 15 யார்டு தண்டனை வைத்தார்கள். அன்றாடப் பேச்சில் இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. புதிய வரிவிதிப்பு ஒரு கடைக்காரரை ப்ளைண்ட்சைட் பண்ணலாம். தமிழில் ‘இதை யோசிக்கவே இல்லை’, ‘இந்தப் பக்கமிருந்து வருமென்று நினைக்கவில்லை’ என்று சொன்னால் சரியாக இருக்கும்.

#8 | மெல்பேர்ண்தமிழ்
அவுஸ்திரேலியாவில இருந்து ஒரு குறிப்பு. இஞ்ச கனகாலமா இதுக்குக் ‘கிங் ஹிற்’ எண்டுதான் பேர். ஒரே அடியில ஆளைச் சாய்க்கிறவன் ராசா எண்டமாதிரி. சிட்னியில கிங்ஸ் குரொஸ் பக்கம் 2012-இலயும் 2013 முடியுற இரவிலயும் ரெண்டு இளம் பெடியன்கள் இப்பிடி ஒரே அடியில விழுந்து செத்த பிறகு சனம் கொதிச்சுப் போச்சு. அடிக்கிறவனுக்கு ஏன் முடி சூட்டுறியள், இனிமேல் ‘கவர்ட் பஞ்ச்’ எண்டு சொல்லுங்கோ எண்டு இறந்தவையின்ர குடும்பங்களும் குத்துச்சண்டை வீரர்களும் கேட்டினம். பத்திரிகையளும் மாத்தித்தான் எழுதினவை.

2014 தொடக்கத்தில நியூ சவுத் வேல்ஸ் தனிச்சட்டமே கொண்டு வந்தது. அடிச்சுச் சாவு வந்தா 20 வருசம் வரை சிறை. போதையில அடிச்சா 25 வருசம் வரை, குறைஞ்சது 8 வருசம் கட்டாயம். மேற்கு அவுஸ்திரேலியா 2008-இலயே அப்பிடியொரு பிரிவு வைச்சிட்டுது. அதால அவுஸ்திரேலியச் செய்தியில ‘கிங் ஹிற்’ வந்தா அதை ‘ராஜ அடி’ எண்டு மொழிபெயர்க்காதேங்கோ. பழைய செய்தியெண்டா ‘ஒற்றைக் குத்து’, 2014-க்குப் பிறகு வந்ததெண்டா ‘கோழைக் குத்து’.

#9 | வேர்ச்சொல்
இது முக்கியமான இடம். ஒரே செயலுக்கு மூன்று பெயர், மூன்றும் மூன்று பக்கம் சாய்கின்றன. ஸக்கர் பஞ்ச் அடி வாங்கியவனை ஏமாளி என்கிறது. கிங் ஹிட் அடித்தவனை உயர்த்துகிறது. கவர்ட் பஞ்ச் அடித்தவனைக் கோழை என்கிறது. மொழிபெயர்க்கும்போது பேசுகிறவர் யார் பக்கம் நிற்கிறார் என்று பார்க்காமல் சொல்லைத் தேர்ந்தால் பாத்திரமே மாறிவிடும். அடித்தவனின் நண்பன் பேசும்போது ‘கோழைக் குத்து’ என்று வரவே வராது.

‘பேடித்தனம்’ என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது திருநர்களை இழிவாக்கும் சொல், இந்த இடத்தில் அதற்குத் தேவையும் இல்லை. ‘கோழைத்தனம்’ முழுப் பொருளையும் தருகிறது.

#10 | அவசரப்பிரிவு
மருத்துவ நோக்கில் ஏன் இந்த அடிக்குத் தனிப்பெயர் வேண்டியிருக்கிறது என்று சொல்கிறேன். அடி வரப்போவது தெரிந்தால் தாடை தானாக உள்ளே ஒடுங்கும், கழுத்துத் தசை இறுகும், தலை குறைவாகத் திரும்பும். தெரியாதபோது தலை சட்டென்று சுழலும். மூளை மண்டையோட்டுக்குள் பின்தங்கிச் சுழன்று நினைவு தப்பும். நினைவு தப்பியவரால் கையை ஊன்றி விழ முடியாது. நின்ற உயரத்தில் இருந்து பின்மண்டை நேராகத் தரையில் மோதும். பல சாவுகளுக்குக் காரணம் குத்து இல்லை, அந்த நடைபாதை. 2000 முதல் 2012 வரை அவுஸ்திரேலியாவில் இத்தகைய 90 சாவுகள் கணக்கெடுக்கப்பட்டன, பெரும்பாலானவற்றில் மது சம்பந்தப்பட்டிருந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்கும் காட்சிகள் வரும். மண்டைக்குள் இரத்தம் மெதுவாகக் கட்டும்போது உண்மையில் இப்படித்தான் நடக்கும். நம் பேச்சில் இதற்கு ‘ஊமை அடி’ என்ற அருமையான சொல் இருக்கிறது, வெளியே காயம் தெரியாத உள்காயம். ஆனால் அது ஸக்கர் பஞ்ச்சுக்கு ஈடு ஆகாது. ஊமை அடி காயத்தைச் சொல்கிறது, அடித்த விதத்தைச் சொல்வதில்லை.

திரைக்கு வெளியே எங்காவது யாராவது இப்படி விழுந்தால்: மூச்சு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கழுத்தை முறுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐ அழையுங்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, எழுப்ப முடியாத தூக்கம், இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை. ‘குடித்திருக்கிறான், தூங்கட்டும்’ என்று விடுவதுதான் உயிரைக் குடிக்கிறது.

எல்லையில் நிற்கும் ஒரு வழக்கும் உண்டு. 1926 அக்டோபர் 22, மாண்ட்ரியல். மாயவித்தைக்காரர் ஹூடினி சாய்ந்து படுத்திருந்தபோது, வயிற்றில் எவ்வளவு பலமாகக் குத்தினாலும் தாங்குவீர்களாமே என்று கேட்ட மாணவர் ஒருவர் தொடர்ந்து குத்தினார். வயிற்றை இறுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. குடல்வால் வெடித்துச் சீழ்பரவி அக்டோபர் 31 அன்று இறந்தார். அந்தக் குத்துதான் காரணமா என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கேட்டுவிட்டு அடித்திருந்தாலும் இதை ஸக்கர் பஞ்ச் என்கிறார்கள், உடல் தயாராகவில்லை என்பதால்.

#11 | திண்ணைப்பேச்சு
உருவகப் பயன்பாட்டுக்கு வருவோம், தமிழாக்கத்தில் அதிகம் சறுக்குவது அங்கேதான்.

‘கட் பஞ்ச்’ (‘கட்’ என்றால் வயிறு, குடல்) என்பதை ‘வயிற்றில் அடி’ என்று போடுகிறார்கள். தமிழில் வயிற்றில் அடிப்பது என்றால் பிழைப்பைக் கெடுப்பது. காதலி பிரிந்த செய்திக்கு ‘வயிற்றில் அடித்துவிட்டாள்’ என்றால், அவள் இவன் வேலையைப் பறித்துவிட்டாள் என்று அர்த்தமாகும். ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்பதும் பொருந்தாது. அது நடக்கப்போவதை நினைத்து வரும் பயம், கட் பஞ்ச் நடந்தபின் வரும் வலி. ‘அடிவயிற்றில் யாரோ குத்தினாற்போல் இருந்தது’, ‘நெஞ்சடைத்துப் போனது’ என்று எழுதலாம்.

‘முதுகில் குத்து’ நம்பியவர் செய்யும் துரோகம். அடித்தவருக்கும் வாங்கியவருக்கும் முன்பே உறவு இருந்தாக வேண்டும். முன்பின் தெரியாதவன் மதுக்கூடத்தில் குத்தினால் முதுகில் குத்து ஆகாது. நம்பவைத்துக் கழுத்தறுத்தல், குழிபறித்தல் இரண்டும் இதே வகை. குழிபறிப்பதற்கு நாள் கணக்கில் திட்டம் வேண்டும் என்பதால் அது இன்னும் தூரம்.

‘காலை வாரிவிட்டார்’ என்பது துணை நின்றவர் கடைசி நேரத்தில் விலகுவது. கூட்டணிச் செய்திகளில் ஸக்கர் பஞ்ச் வந்தால் பெரும்பாலும் இதுதான் சரி.

‘பாம்ஷெல்’லுக்குத் தமிழில் அச்சாக ஒன்று இருக்கிறது: குண்டைத் தூக்கிப் போட்டார். அதுவும் செய்தி சொல்கிறவர் மேல் நிற்கும் சொல். செய்தி கேட்டவர் பக்கம் நின்றால் ‘தூக்கிவாரிப் போட்டது’, ‘தலையில் இடி விழுந்தது’. ‘போல்ட் ஃப்ரம் த ப்ளூ’ (தெளிந்த வானத்தில் இருந்து விழும் இடி) இந்த இடியோடு சேரும், அதில் அடித்தவன் என்று யாரும் கிடையாது. ஸக்கர் பஞ்ச்சில் எப்போதும் ஒரு கை இருக்கிறது, யாருடையது என்று தெரியாவிட்டாலும்.

கர்வ்பால் (பேஸ்பாலில் வளைந்து வரும் பந்து) வலிக்காது, திணறடிக்கும். நேர்முகத்தேர்வில் ‘எதிர்பாராத கேள்வி கேட்டு மடக்கிவிட்டார்’ என்பதோடு முடித்துக்கொள்ளலாம். பாடி ப்ளோ திடீர் என்றே சொல்வதில்லை. பலமான பின்னடைவு, ‘பலத்த அடி’. செய்தித்தாள் தமிழில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இலக்கணத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் அடி வாங்கியவரை எழுவாயாக வைத்துச் செயப்பாட்டுவினையில் சொல்வது அதிகம். அதை அப்படியே ‘அவன் தாக்கப்பட்டான்’ என்று கொண்டுவந்தால் செய்தி வாசிப்பு மாதிரி இருக்கும். ‘வாங்கினான்’, ‘விழுந்தது’ இரண்டும் அந்த வேலையை இயல்பாகச் செய்யும்.

#12 | வசனவரி
எல்லோருக்கும் நன்றி. வரிகளை இப்படி வைத்திருக்கிறேன்:

அ) “கை கொடுக்க வர்ற மாதிரி வந்து, அசந்த நேரத்துல திடீர்னு குத்திட்டான்.”
ஆ) “மெயிலைப் பார்த்ததும் வயித்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு.”
இ) “ஆட்டம் முழுக்க இவங்க கையில. கடைசி நிமிஷத்துல அடி!”

ஆ-வில் வேலையே போனதால் ‘வயிற்றில் அடி’ பொருந்தும் என்று நினைத்தேன்.

#13 | திண்ணைப்பேச்சு
பொருந்தும், ஆனால் முன்னெச்சரிக்கை இல்லாமல் வந்தது என்கிற பாதி தொலைகிறது. அந்தப் பெண் முதல் நாள்தான் பாராட்டுப் பெற்றாள் என்று காட்சியில் இருந்தால், “நேத்து தட்டிக்கொடுத்துட்டு இன்னைக்கு வயித்துல அடிச்சுட்டாங்க” என்று போடுங்கள். அப்படி இல்லையென்றால் “கொஞ்சங்கூட எதிர்பாக்கல, வயித்துலயே அடிச்சுட்டாங்க”.

#14 | மைதானஓரம்
இ) சரியில்லை. கால்பந்தில் ‘அடி’ என்றால் கோல் அடித்ததாகவும் படலாம், யார் வாங்கினார்கள் என்பதே குழம்பும். பிரிட்டிஷ் வர்ணனையில் ஸக்கர் பஞ்ச் கோலுக்கு நிலையான பொருள் உண்டு. ஆதிக்கம் செலுத்தும் அணி தற்காப்பு ஆட்களையும் முன்னேற்றிவிட்டுப் பின்னால் வெற்றிடத்தை விடும். எதிரணி பந்தைப் பறித்து இரண்டு மூன்று பாஸில் ஓடிப்போய்ப் போட்டுவிடும். ஆதிக்கம் செலுத்தியதனால்தான் அசந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. “இவங்க முன்னேறி நிக்க, பின்னாடி அசந்துட்டாங்க. கோல்!” இரண்டு வரிக்குள் அடங்கும். பெனால்டியிலோ தூரத்து ஃப்ரீ கிக்கிலோ வந்த கோல் என்றால் ‘அசந்துட்டாங்க’ வேண்டாம், “கடைசி நேரத்துல கோல் வாங்கிட்டாங்க” போதும். காட்சியைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

#15 | வசனவரி
பார்த்துவிட்டேன், எதிர்த்தாக்குதல் கோல்தான். உங்கள் வரியையே வைக்கிறேன்.

#16 | வேர்ச்சொல்
அ-வில் இருந்து ‘திடீர்னு’ வை எடுத்துவிடுங்கள். கை கொடுக்க வருகிற மாதிரி வந்தான் என்றதிலேயே அது வந்துவிட்டது. வரியும் சுருங்கும்: “கை கொடுக்க வர்ற மாதிரி வந்து, அசந்த நேரத்துல குத்திட்டான்.”